என் வயிற்றின் வீடியோ

நாற்பது தாண்டிய பிறகுதான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். அந்தக் கலியாணம் நடக்குமா, குழம்புமா என்பது கடைசியில் என் வயிற்றுக்குள்ளே எடுத்த ஒரு வீடியோவில் வந்து நின்றது. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. இருக்கட்டும், தொடங்கினதை முடித்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை சாம்பல்தீவுக்காரர். துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இறங்குதுறைக்கு இழுத்து வருகிற படகில் இயந்திரம் பார்க்கிறவர். மனைவி இறந்துபோய், பிள்ளைகுட்டியும் இல்லாமல் தனியே இருந்தார். நான் துறைமுகப் பக்கத்தில் ஒரு வலைக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே நைலோன் கயிறு வாங்க வருவார். தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கமாட்டார். ஊரறிந்த வாயாடியான எனக்கு அது பிடித்திருந்தது. அவருடைய அக்கா ஞாயிற்றுப் பூசை முடிந்து எங்கள் அம்மாவிடம் வந்து கேட்டபோது, நான் மாதா கோயில் கிணற்றடியில் ஏதோ வேலை இருக்கிறமாதிரி நின்றேன்.

பேச்சு முற்றாகிற நேரம் பார்த்து அடிவயிறு வலிக்கத் தொடங்கியது. ஸ்கான் எடுத்த டொக்டர், சூலகம் ஒன்றில் தோடம்பழம் அளவுக்குக் கட்டி இருக்கிறது, பயப்படுகிற கட்டி இல்லை, ஆனால் எடுக்கத்தான் வேண்டும் என்றார். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லையாம். தொப்புளடியில் ஒன்றும் கீழே இரண்டுமாகச் சின்னத் துளைகள் போடுவார்கள். காற்றடித்து வயிற்றை உப்பவைத்து, ஒரு துளையால் கமெராவை விட்டு, அதை டீவியில் பார்த்துக்கொண்டே மற்றத் துளைகளால் வெட்டுவார்கள். வெட்டுகிறபோதே சுட்டு இரத்தத்தையும் நிறுத்துகிற புதுக் கருவி வந்திருக்கிறது என்று பேனையால் படம் கீறிக் காட்டினார். நான் எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்டேன். அம்மாவிடம் வேறு கேள்வி இருந்தது.

"தழும்பு தெரியுமே, டொக்டர்?"

"பெரிசாத் தெரியாது, அம்மா."

கவலை போய் அம்மாவின் முகம் வெளித்துவிட்டது. சூலகத்தில் கட்டி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்பதுதான் அவருக்குப் பயம். தழும்பே இல்லையென்றால் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லையே. நிலாவெளியில் மாமி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வதாக முடிவாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற யோசனை. நானும் ஓமென்று தலையாட்டினேன். அந்த வயதில் கலியாண ஆசை வந்ததே எனக்கு வெட்கம். அதற்குமேல் இப்படி ஓர் இடத்தில் கட்டி வேறு.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இரண்டாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் ஓட்டோவால் இறங்கி, நானே படலையைத் திறந்து, நிமிர்ந்து நடந்து உள்ளே போனேன். நான் செய்த குற்றம் அதுதான். எங்கள் பக்கத்தில் ஒப்பரேசன் செய்தவருக்கு என்று ஒரு நடை இருக்கிறது. வயிற்றில் துணி சுற்றியிருக்கவேண்டும், கூனிக்கொண்டு வரவேண்டும், இரண்டு பேர் பிடிக்கவேண்டும், பிறகு மாதக்கணக்கில் பத்தியக்கறி. எனக்கு வலித்தது தோள். அடித்த காற்றின் மிச்சம் மேலே ஏறித் தோளில் குத்தும் என்று நர்ஸ் சொல்லித்தான் விட்டிருந்தார். வயிற்றில் ஒப்பரேசன், தோளில் நோவு என்றால் யார் நம்பப் போகிறார்கள்?

கோயில் செபக்குழுவில் இருக்கிற ஒரு பெண் என்னைப் பெண்கள் வார்டில் கண்டிருக்கிறார். அவ்வளவு போதுமே. கலியாணமாகாதவள் பெண்கள் வார்டில் படுத்திருந்தாள், மாமி வீடு என்று பொய் சொன்னாள், வயிற்றில் துணிக்கட்டும் இல்லாமல் உடனே நடந்து வந்தாள். ஆகவே கர்ப்பம் கலைத்துவிட்டு வந்திருக்கிறாள். கதை மீன்சந்தையைச் சுற்றி, சாம்பல்தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. கட்டிக்குத்தான் ஒப்பரேசன் செய்தது என்று அம்மா பிறகு சொல்லிப் பார்த்தார், ஒருவரும் நம்பவில்லை. சனிக்கிழமை பின்னேரம் தம்பியோடு சுகம் விசாரிக்க வருவதாக மாப்பிள்ளையின் அக்கா சொல்லி அனுப்பினார். என்ன சுகம் விசாரிக்க வருகிறார் என்று எங்களுக்குத் தெரியாதா?

"மானம் கப்பலேறிட்டுது பிள்ளை," என்று அம்மா கதிரையில் விழுந்து அழுதார்.

"ஏறட்டும். இஞ்ச கப்பலுக்கே குறைவு?" என்றேன். எரிச்சலில் சொன்னேனே தவிர, எனக்கும் பயம்தான். அந்த மனிசனை இழக்க எனக்கு விருப்பமில்லை.

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணன் கலியாணவீடு, சாமத்தியவீடு, புதுநன்மை என்று வீடியோ எடுக்கிறவர். எதையும் பதிந்து வைக்காவிட்டால் அது நடந்ததாகவே அவருக்குத் தோன்றாது. டொக்டரிடம் பென் டிரைவைக் கொடுத்து, என் ஒப்பரேசன் வீடியோவையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

"ஏன் அழுறியள்? வீடியோ இருக்கெல்லே. போட்டுக் காட்டுவம்."

"உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன்.

"காயத்தைக் காட்டு எண்டுதான் கேப்பினம். நீ இந்த மூண்டு புள்ளியையும் காட்டினால் நுளம்பு கடிச்சது எண்டுவினம். பிறகென்ன செய்வாய்?"



சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். கூடவே செபக்குழுவிலிருந்து இரண்டு பெண்கள், பிஸ்கட் பெட்டி, அப்பிள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். மாப்பிள்ளை மூலைக் கதிரையில் இருந்து கோப்பையை வாங்கினார். அக்காவின் கண் என் வயிற்றிலேயே நின்றது.

"காயம் எப்பிடிப் பிள்ளை? ஒண்டையும் காணேல்லை?"

அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர். டீவியில் பென் டிரைவைச் செருகினார். முதலில் ஒரு ரோசாப்பூ விரிந்தது. அதன் நடுவில் தங்க எழுத்தில் என் பெயர் வந்தது. பின்னால் மெல்லிய பியானோ. கலியாண வீடியோவுக்குப் போடுகிற முகப்பைக் கைப்பழக்கத்தில் இதற்கும் போட்டிருக்கிறார்!

"அண்ணா!" என்றேன்.

"பேசாமல் இரு."

பிறகு வெளிவயிறு ஒரு கணம் தெரிந்து மறைய, என் உள்பக்கம் வந்தது. எல்லாம் இளஞ்சிவப்பாய், ஈரமாய், பளபளத்தது. இடையிடையே மஞ்சள் கொழுப்பு. செபக்குழுக்காரி சிலுவை போட்டுக்கொண்டார்.

"சேசு மரியே, கோழி வெட்டேக்க இருக்கிறமாதிரியெல்லோ கிடக்கு!"

அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டே எல்லாரும் என் வயிற்றுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சால்வையை இழுத்து இழுத்து மூடினேன். எதை மூடுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அக்கா மட்டும் அசையவில்லை. "குறை நினைக்காதேங்கோ தம்பி," என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "பேரை ஆரும் எழுதலாம். இது இவவின்ர வயிறுதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம்! எழும்பிப் போய் அண்ணனின் கையிலிருந்து ரிமோட்டைப் பறித்தேன். படத்தைப் பின்னுக்கு ஓட்டி, கமெரா உள்ளே போவதற்கு முன் வெளிவயிறு தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் தெரிந்தது. சட்டையைத் தூக்கி என் வயிற்றிலும் அதே மச்சத்தைக் காட்டினேன்.

"இந்தாங்கோ, நல்லாப் பாருங்கோ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. படத்தை ஓடவிட்டு, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். இதுதான் கட்டி. இந்தப் புகை, கருவி சுடுகிற புகை. கட்டியை இந்தச் சின்னப் பைக்குள் போட்டு, உள்ளே இருக்கிற தண்ணியை எடுத்துச் சுருக்கி, துளையால் இழுக்கிறார்கள். "இது மற்றப்பக்கச் சூலகம். இதுக்கு ஒரு பழுதும் இல்லை, டொக்டர் தொடவேயில்லை," என்று, யாரும் கேட்காததையும் சொன்னேன். சந்தையில் மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டி விற்பதுபோல நான் என்னையே தூக்கிக் காட்டினேன்.

"ஓமோம், அது வடிவாத்தான் இருக்குது," என்றார் அக்கா. அவருக்கு மனம் ஆறிவிட்டது. கலியாணத்தைத் தவக்காலத்துக்கு முன் வைக்கலாமா, பிறகு வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டார். "நாங்கள் அப்பிடி ஒண்டும் நினைக்கவேயில்லை," என்று செபக்குழுக்காரிகள் சத்தியம் பண்ணினார்கள். எனக்குச் சந்தோஷம். வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. வழக்கில் வென்றவள்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோப்பைகளைப் பொறுக்கினேன்.

அக்கா அம்மாவிடம் விடைபெறுகிற நேரம், மாப்பிள்ளை வெளியே மோட்டார்சைக்கிளடியில் நின்றார். நான் படலைவரை போனேன். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் பகிடியாகத் தொடங்கினேன்.

"எப்பிடி, படம் பிடிச்சுதே?"

"நான் பாக்கேல்லை," என்றார்.

"ஏன்? உங்களுக்காகத்தானே காட்டினது."

"ரோசாப்பூவில உங்கட பேர் வந்தோடன தலையைக் குனிஞ்சிட்டன். நீங்கள் என்னைப் பாக்கச் சொல்லேல்லையே." மோட்டார்சைக்கிள் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "தோள் நோகுதே? தேத்தண்ணி தரேக்க ஒரு கையால பிடிச்சுக்கொண்டிருந்தீங்கள்."

ஊர் சொன்னபோதோ, கோழி என்றபோதோ, சட்டையைத் தூக்கியபோதோ வராத வெட்கம் அந்த இடத்தில் வந்தது. காதுவரை சுட்டது. இந்த ஒரு மனிசன் நம்பவேண்டும் என்றுதானே அத்தனையையும் காட்டினேன்? அவர் என்னை ஒரு அத்தாட்சியும் கேட்கவில்லை. நான் நீட்டி நீட்டிக் காட்டிய நேரம் முழுக்க அவர் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஓம், நோகுது," என்றேன். அழுகையாக வந்தது.

கலியாணம் நடந்தது. வீடியோ அண்ணன்தான் எடுத்தார், முகப்பில் அதே ரோசாப்பூ. பென் டிரைவ் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. என்னைக் கட்டினவர் அதைப் பற்றி இதுவரைக்கும் கேட்டதில்லை. கோயிலில் என் முன்வாங்கில் இருக்கிறவர்களும் பின்வாங்கில் இருக்கிறவர்களும் என் வயிற்றுக்குள்ளே பார்த்தவர்கள். அவர்களோடு நான் முகத்துக்கு முகம் பார்த்துச் சிரித்துக் கதைக்கிறேன். பார்க்காதவர் என் புருஷன் ஒருவர்தான். அவருக்கு முன்னால் உடுப்பு மாற்றத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.