பொத்தான் மேல் ஒட்டிய டேப்

லீலண்ட் வாஸ்பெர்க் ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். துணி காயவைக்கும் டிரையரிலிருந்து சூடான காற்று வெளியே போகிற குழாயைச் சுத்தம் செய்வதுதான் பாடம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தக் குழாயில் பஞ்சுப் பிசிறு அடைத்து வீட்டைத் தீக்குக் கொடுத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு காகித ஆலையில் இருபத்தாறு வருடம் உழைத்தவர். ஆலையில் ஆள் குறைத்தபோது இவர் பெயரும் பட்டியலில் இருந்தது. அதை மனைவி மார்லிஸிடம் அவர் சொல்லவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்புவார். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மாலையில் களைத்த முகத்தோடு திரும்புவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மூன்று மாதம் மறைத்தார், அந்த மட்டில் கெட்டிக்காரர்தான். கடைசியில் தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், ஆலைக்காரர் ஒருவரின் மனைவி, லீலண்டின் வேலை போனதைப் பற்றி மார்லிஸிடம் அனுதாபத்தோடு விசாரித்தாள். எல்லோருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் போனதே என்று மார்லிஸ் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"வேலை போனதுக்காக நான் போகல, லீலண்ட்" என்றாள், பெட்டி கட்டும்போது. "மூணு மாசம் உனக்கு சாண்ட்விச் கட்டிக் குடுத்தேன் பாரு, அதுக்காகப் போறேன்."

அதற்குப் பிறகுதான் ஒற்றை அறை வீடும் இந்த வகுப்பும்.

கிரீன் பேயில் ஒரு கிடங்கில் இரண்டு நாள் பயிற்சி. கற்றுக்கொடுத்த டெம்ப்ஸ்கி பருத்த மனிதர், வாய் ஓயாதவர். நீளமான வளையும் கம்பிகளை ஒன்றோடு ஒன்று திருகி இணைத்து, நுனியில் பிரஷ்ஷை மாட்டி, மறுமுனையை டிரில்லில் பொருத்திச் சுழற்றிக்கொண்டே குழாய்க்குள் தள்ள வேண்டும்.

"நல்லாக் கேட்டுக்குங்கப்பா. தள்ளும்போதும் வலப்பக்கம் சுத்தணும், இழுக்கும்போதும் வலப்பக்கம்தான் சுத்தணும். ஒரே ஒரு தடவை இடப்பக்கம் சுத்தினீங்கன்னா கம்பி உள்ளயே கழண்டுக்கும். அப்புறம் பிரஷ்ஷுக்கு மலர்வளையம் வெச்சுட்டு வர வேண்டியதுதான்!"

சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் டிரில்லிலும் சுழற்சியை மாற்றுகிற பொத்தான் மேல் கறுப்பு டேப்பை அவரே ஒட்டினார். "இது கல்யாண மோதிரம் மாதிரி. கழட்டவே கூடாது."

பக்கத்திலிருந்தவர் லீலண்டின் விரலைப் பார்த்துவிட்டு, "நீங்க வேற. இவரு அதையே கழட்டிட்டாரு!" என்றார். கிடங்கே சிரித்தது. லீலண்டும் சிரித்தார். மனிதர்களோடு சேர்ந்து சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் அவரவர் வண்டியில் போன பிறகும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

தொழிலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இதில் மனித முகத்தையே பார்க்க வேண்டியதில்லை. வாசல் பூட்டில் அழுத்தித் திறக்கிற ரகசிய எண் போனில் வரும். வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். யாரோ ஒரு குடும்பத்தின் காலணிகளைத் தாண்டிப் போய், அவர்கள் துணியின் பிசிறை மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலும் ஒரு பூனை பார்த்துக்கொண்டிருக்கும். அதனிடம் அவர் ஆலைக் கதையெல்லாம் சொல்வார்.

மூன்றாவது வாரம், நவம்பரில், ஆப்பிள்டனில் ரோண்டா கீல் என்ற பெண்மணியின் வீடு. டிரையர் மாடியில் இருந்தது, குழாய் சமையலறையின் மேற்கூரைக்குள் ஓடியது. ஏழு கம்பி உள்ளே போனதும் வளைவில் பிரஷ் சிக்கியது. டிரில் திணறியது. லீலண்டின் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்தியது.

டேப் எங்கே போயிற்று என்கிறீர்களா? முந்தின ஞாயிற்றுக்கிழமை, வெறிச்சென்றிருந்த வீட்டில் பொழுது போகாமல் அதே டிரில்லால் ஒரு அலமாரியைச் சுவரில் மாட்டினார். அது கோணலாகப் போயிற்று. திருகை இடப்பக்கம் சுற்றிக் கழற்றுவதற்காக டேப்பைப் பிய்த்தவர், மறுபடி ஒட்ட மறந்துவிட்டார்.

இழுத்தால் நான்கு கம்பிதான் வந்தது. மூன்று கம்பியும் பிரஷ்ஷும் உள்ளேயே தங்கிவிட்டன. ஒரு மணி நேரம் போராடியும் வரவில்லை. டிரையரை ஓடவிட்டுப் பார்த்தார். காற்று வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகவே வந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு வருடத்தில் அந்தப் பிரஷ்ஷைச் சுற்றிப் பஞ்சு சேரும், அதற்கு மேல் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

சாமான்களை வண்டியில் ஏற்றினார். சாவியைப் போட்டார். பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. அதே பெட்டிதான். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. சாவியை எடுத்துவிட்டு ரோண்டாவுக்குப் போன் செய்தார்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. பிரஷ் குழாய்க்குள்ள மாட்டிக்கிச்சு. அப்படியே விட்டா ஆபத்து. சமையலறைக் கூரையில ஓட்டை போட்டுத்தான் எடுக்கணும். நானே அடைச்சு, பெயின்ட் அடிச்சுத் தந்துடறேன்."

"என்னது, என் கூரையிலயா?" அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அஞ்சு மணிக்குத்தான் வருவேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

வாசற்படியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள் உட்கார மனம் வரவில்லை.

"வெளியிலயா இருந்தீங்க, இந்தக் குளிர்ல?" என்றாள் ரோண்டா, காரிலிருந்து இறங்கியதும். "போயிட்டு வந்திருக்கலாமே?"

"போனா திரும்பி வருவேனான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சுங்க."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, சமையலறை மேசையிலிருந்த பாத்திரங்களை நகர்த்தி அவர் சாமான்களுக்கு இடம் கொடுத்தாள். கூரையை அறுத்து, பிரஷ்ஷை எடுத்து, குழாயைப் பொருத்தி, அடைத்துப் பூசிப் பெயின்ட் அடிக்க மேலும் இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் அவள் வேலைக்குப் போயிருந்தாள். எண்ணை அழுத்தித்தான் உள்ளே போனார்.

ஞாயிறு மதியம், இணையத்தில் அவரைப் பற்றி ரோண்டா எழுதியிருந்தது வந்தது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். "என் கூரையில் ஓட்டை போட்டார். சொல்லிவிட்டுப் போட்டார்."

அந்த இரண்டு வரியை எத்தனை முறை படித்தாரோ தெரியாது. காட்டுவதற்கு வீட்டில் ஆளில்லை. கடைசியில், ஒரு வருடமாகத் தொடாத எண்ணுக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார். டிரில்லை எடுத்துப் பொத்தான் மேல் புது டேப் ஒட்டினார்.

மார்லிஸின் பதில் சாயங்காலம் வந்தது.

"அந்த மூணு மாசத்துல ஏதாவது ஒரு நாள் இப்படிச் சொல்லியிருந்தா போதுமே, லீலண்ட்."