பூபதி சொல்லாமல் விட்ட வாக்கியம்

பழவேற்காட்டுக் கோட்டை டச்சுக்காரர் கையில் இருந்த காலம். ஏரி நடுவே உள்ள பசியாவரத்தில் பூபதி என்றொரு படகோட்டி இருந்தான். இரண்டு வருஷம் மழை பொய்த்து, முகத்துவாரத்தை மணல் மூடி, ஏரி மீனும் செத்து மிதந்த பஞ்சத்தில் அவன் ஒரு காரியம் செய்தான்.

பழவேற்காட்டுக் கரையில் ஒரு தரகன் டச்சுக்காரரின் அடிமைக் கப்பலுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். ஆள் கொண்டுவந்தால் ஒரு மூட்டை அரிசி என்றான். தன் நண்பன் குப்பனின் தங்கை தேவகி, புருஷனை இழந்தவள், பட்டினியில் கிடந்தாள். "நெல்லு குத்துற வேலை இருக்கு, கூழு ஊத்துவாங்க" என்று சொல்லி பூபதி அவளைப் படகில் ஏற்றினான். அந்தக் கப்பலில் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை என்று அவனுக்குத் தெரியும். தரகன் வீட்டு வாசலில் அவள் அவனைக் கைகூப்பிக் கும்பிட்டாள். மூன்றாம் நாள் கப்பல் அவளையும் ஏற்றிக்கொண்டு, கடலுக்கு அப்பால் டச்சுக்காரர் ஆண்ட பட்டாவியாவுக்குக் கிளம்பியது.

படகு கவிழ்ந்து அவள் முழுகிவிட்டாள் என்று குப்பனிடம் சொன்னான். குப்பன் உடலில்லாமலே கருமாதி செய்தான். பூபதியின் பிள்ளைகள் அந்த அரிசியைத் தின்று பிழைத்தார்கள்.

நான்கு வருஷம் கழித்து, தீவுகளுக்குப் போய்ப் போதிக்கும் பிலிப்பு உபதேசியார் அவன் படகில் ஏறத் தொடங்கினார். பாவத்துக்கு மன்னிப்பு உண்டு என்று அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று பூபதியே கேட்டான். கட்டளைகளையும் ஜெபத்தையும் சீக்கிரம் மனப்பாடம் செய்தான். ஞானஸ்நானத்தின்போது சொல்ல வேண்டிய விசுவாசப் பிரமாணத்தில் மட்டும், 'பாவ மன்னிப்பை விசுவாசிக்கிறேன்' என்ற வாக்கியம் வந்ததும் வாய் அடைத்துவிடும்.

"மறந்து போச்சா?" என்று உபதேசியார் ஒருநாள் கேட்டார்.

"இல்ல அய்யா. சொன்னா பொய்யாயிடும்."

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னான். உபதேசியார் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உன் பாவத்தையும் ஏசு சிலுவையில சுமந்துட்டாருப்பா. நீ ஒண்ணும் செஞ்சு அதை வாங்க முடியாது. அவரு கிருபையா குடுக்கறது."

"அவரு மன்னிச்சா ஆச்சா? அவ மன்னிக்க வேணாமா?"

"அவளை நீ கேக்க முடியாது. ஆனா அவ அண்ணன் கரையில வலை காயப்போட்டுட்டு இருக்கான். அவன்கிட்ட இன்னும் பொய் சொல்லிக்கிட்டே மனந்திரும்பினேன்னு எப்படி சொல்லுவ?"

மறுநாள் காலை பூபதி குப்பனிடம் போனான். சொல்லி முடிக்கும்வரை குப்பன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏமாத்துறன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. என்னைக் கும்பிட்டுட்டுப் போனா."

குப்பன் துடுப்பை எடுத்து ஓங்கினான். பூபதி விலகவில்லை. தோள் எலும்பு முறிந்தது. அடித்தவன் மணலில் உட்கார்ந்து அழுதான். "நாலு வருசமா அந்தத் தண்ணியில இறங்கும்போதெல்லாம், காலுல அவ படுவாளோனு பயந்துக்கினு இருந்தேன்டா!" என்றான்.

தோள் கூடிய பிறகு பூபதி ஞானஸ்நானம் பெற்றான். அந்த வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். வெளியே வந்தபோது கோயில் வாசலில் குப்பன் நின்றிருந்தான்.

"உன் சாமி மன்னிச்சிட்டாரா?"

"மன்னிப்பாருன்னு நம்பித்தான் சொன்னேன்."

"நான் மன்னிக்கல. இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன் குப்பா. அது உன் இஷ்டம்."

அதற்குப் பிறகு குப்பன் அவனிடம் பேசவில்லை. பட்டாவியாவிலிருந்து கப்பல் வந்தால் போதும், பூபதி படகை அதன் பக்கத்தில் ஒட்டிக் கட்டிவிட்டு மாலுமிகளிடம் கேட்பான்: இடது புருவத்தில் தழும்புள்ள, தேவகி என்ற பெண்ணைப் பார்த்தீர்களா? இருபது வருஷம் கேட்டான். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் குப்பனின் குடிசைக்கு முன் நின்று, "சேதி இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். உள்ளிருந்து பதில் வந்ததில்லை. ஆனால் அவன் வரும் நாளில் கதவு சாத்தியிருந்ததும் இல்லை.