ஆப்பிரிக்காவுக்கு முன்னால் நாகூர்

நாங்கள் தஞ்சாவூரில். பாஸ்போர்ட்டுகள் நாகூரில். ராத்திரி சென்னையில் விமானம்... போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டு நிலவரம் இதுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஒட்டகச்சிவிங்கி ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்பது, கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலம் முழுக்க எனக்கிருந்த ஆசை. ரிட்டயர் ஆனதும் தான்சானியா சஃபாரிக்கு விசாரித்தேன். ஜூலை, ஆகஸ்ட் நல்ல சீசன் என்றார்கள்.

என் வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டார். "அப்ப ஆத்துல தண்ணி வந்திருக்கும். குறுவைய யார் பாக்கறது?"

சரி, பிப்ரவரி? சம்பா அறுவடை முடிந்திருக்கும். காட்டு மந்தைகள் கன்று போடும் மாதம் என்று டிராவல்ஸ் பெண்ணும் சொன்னாள். கன்று என்றதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. டிக்கெட் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் மனிதர் காலண்டரைப் பார்த்தார். விமானம் வெள்ளிக்கிழமை. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம் — அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. ஆப்பிரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது? சாட்சாத் மேற்கில்!

"முதல்ல சென்னைக்குத்தானே போறோம்? அது வடக்கே இருக்குங்க" என்றேன்.

"போய்ச் சேர்ற ஊருதான் கணக்கு."

இதற்கும் நம்மவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்களே... பரஸ்தானம். நல்ல நாளில் நம் சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அன்றைக்கே பயணம் கிளம்பியதாகக் கணக்கு. புதன்கிழமை காலை இவர் ஒரு பையை எடுத்துப்போய் எதிர்வீட்டு மும்தாஜ் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே துண்டோ சட்டையோ இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாஸ்போர்ட்டைத் தேடினால் இல்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டைகளும் இல்லை. அந்த ஊசிக்காகவே சென்னை வரை போய்வந்தோம். இவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"பரஸ்தானப் பையில இருக்கு. முக்கியமான சாமானா வெச்சாத்தானே கிளம்பின மாதிரி?"

எதிர்வீட்டுக்கு ஓடினேன். பூட்டு தொங்கியது.

போனில் அக்கா நிதானமாகப் பேசினார். "நான் நாகூர்ல மக வீட்ல இருக்கேம்மா. நேத்து தர்காவுக்கு வந்தேன். பையா? எங்கிட்டதான் இருக்கு. தம்பி அவ்வளவு சொல்லிக் குடுத்தாரு... பூட்டின வீட்ல எப்படிப் போட்டுட்டு வர்றது? கையோட எடுத்துட்டு வந்துட்டேன்."

அக்காவைக் குறை சொல்ல முடியுமா? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்து ஆசை, நான் இல்லாமலே கிளம்பி எதிர்த்திசையில் போய் உட்கார்ந்திருக்கிறது. விமானத்தைத் தவறவிட்டால் இன்னொரு தடவை இவரை வயலைவிட்டுக் கிளப்ப என்னால் ஆகாது.

பெட்டிகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு நாகூருக்குப் பறந்தோம். தெருமுனையில் பையோடு நின்றிருந்தார் அக்கா. கூடவே தர்கா சர்க்கரைப் பொட்டலம். "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று அவர் என் கையைப் பிடித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அங்கிருந்து நேராகச் சென்னைக்கு விட்டோம்.

சிதம்பரம் தாண்டியதும் இவர் ஆரம்பித்தார்.

"ஒண்ணு கவனிச்சியா? வீட்டை விட்டு முதல்ல கிழக்கேதான் போயிருக்கோம். சூலமே இல்ல."

"போய்ச் சேர்ற ஊருதான் கணக்குன்னீங்களே?"

மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விமானத்தைப் பிடித்துவிட்டோம். தான்சானியாவில் முதல் சஃபாரியிலேயே என் ஒட்டகச்சிவிங்கி வந்தது. சாலையோரம் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புல்வெளியில் ஓடத் தொடங்கியது. என்ன அழகு! நான் வாய்பொத்தி அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இவர் சூரியனைப் பார்த்துத் திசையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒட்டகச்சிவிங்கி ஓடியது நேர் மேற்கே. அன்று ஞாயிற்றுக்கிழமை.