பெர்மல் மாஸ்டரின் நானூறு பக்கங்கள்

எங்கள் காற்பந்துச் சங்கத்தின் வரலாற்றை நானூறு பக்கங்களில் எழுதி முடித்துவிட்டதாகப் பதினெட்டு வருடங்களாகச் சொல்லி வந்தார் பெர்மல் மாஸ்டர். ஃபிஜியின் பா நகரில், கவா என்னும் வேர்ப்பானச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்த எல்லோருமே அதைக் கேட்டிருக்கிறோம். எழுதிய கம்ப்யூட்டர் செத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிச் சங்கக் கொடியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தார்.

"எல்லாம் அதுக்குள்ள பத்திரமா இருக்கு. இப்ப வர்ற கம்ப்யூட்டர்லதான் அதைச் சொருக இடமில்ல. நான் என்ன செய்ய?" என்பார்.

சங்கத்தின் பொன்விழா வந்தது. மாஸ்டருக்குப் பாராட்டு, புத்தக வெளியீடு என்று அழைப்பிதழ் அடித்துவிட்டோம். அதன் பிறகுதான் அடாப்டர் தேடினோம்.

முதலில் வாங்கியதில் ஊசிகள் பொருந்தவில்லை. மாஸ்டர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அடுத்தது பொருந்தியது, டிஸ்க் சுற்றவில்லை. "பாத்தீங்களா, போயிடுச்சு!" என்று ஏறக்குறைய சிரித்தார்.

ரிப்பேர் கடை மெரியோனி விடவில்லை. அவள் மாஸ்டரிடம் படித்தவள். "போகல மாஸ்டர். இந்தப் பழசுக்கெல்லாம் தனியா கரண்ட் கொடுக்கணும். யுஎஸ்பி வழியா வர்றது பத்தாது" என்று சொல்லி, தனி மின்இணைப்பு உள்ள அடாப்டரைத் தலைநகர் சுவாவிலிருந்து வரவழைத்தாள்.

கமிட்டி முழுக்கக் கடையில் கூடியது. டிஸ்க் மாவு மிஷின் மாதிரி உறுமிக்கொண்டு சுற்றியது. 'வரலாறு' என்ற ஃபைல் திறந்தது. தலைப்பு, ஆசிரியர் பெயர், பட்டங்கள், கீழே மூன்று வரி. அவ்வளவுதான். பக்கத்திலேயே இன்னும் பதினான்கு ஃபைல்கள் இருந்தன. பதினான்குமே வெளியீட்டு விழா ஏற்புரைகள். திருத்தித் திருத்தி எழுதியவை.

மாஸ்டர் திரையைக் குனிந்து பார்த்தார். "அடாப்டர் தின்னுடுச்சு போல" என்றார்.

"அதுக்குப் பல்லு இல்ல மாஸ்டர்" என்றாள் மெரியோனி.

விழாவை நிறுத்தியிருக்கலாம். ஆனால் பூமாலைக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்டுக்கறிக்கும் சொல்லியாகிவிட்டது. புத்தகம் அச்சில் இருப்பதாக அறிவித்தோம். எங்களுக்கும் வெட்கம் கிடையாது.

மேடையேறிய மாஸ்டர் பதினான்காவது ஏற்புரையை எடுத்து வாசித்தார். முப்பத்தைந்து நிமிடம். அவர் மறந்தது ஒன்றுதான்: அது பதினெட்டு வருடத்துக்கு முன் எழுதியது.

"முன்வரிசையில் வீற்றிருந்து ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருக்கும் அருமை நண்பர் அப்பல்சாமி அவர்களே..."

அப்பல்சாமி இறந்து ஒன்பது வருடம். முன்வரிசையில் இருந்தது அவர் மனைவி லட்சம்மா. அவள் எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மாஸ்டர், அவரு உயிரோட இருந்திருந்தா இந்நேரம் எந்திரிச்சுப் போயிருப்பாரு. அவருக்குப் பதிலா நான் போறேன்."

அரங்கம் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தார். அவரும் உயிரோடு இல்லை.