நான்கு அங்குலம் கூடிப்போன அடுப்பு மேடை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து மோசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சுவரில்தான், அதுவும் அளவுகள் மட்டும். எந்த ர, எந்த ற என்பதில் இன்னமும் குழப்பம் உண்டு. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சுவரில் எழுதியதை மேலே பூசி மறைத்துவிடலாம். தாளில் அந்த வசதி இல்லை.

நான் கொத்தனார். முப்பது வருடத்துக்கு மேலாக மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு கட்டுகிறேன். அடுப்படி வேலை என்றால் என்னைத் தேடி வருவார்கள். என் கைவேலையின் சுத்தத்துக்காக வருகிறார்கள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்லூரில் தறி போட்டிருந்த ஒருவர், நான் பக்கத்தில் இருப்பது தெரியாமல், உண்மையைச் சொன்னார்.

"இவர நம்பி அடுப்படிக்குள்ள விடலாம் மாப்ள. பொம்பளைங்க வந்தா தலையவே தூக்க மாட்டாரு. செவுத்தோட பேசிக்கிட்டு இருப்பாரு."

ஆக, எனக்குச் சோறு போட்டது என் தொழில் இல்லை, என் கூச்சம்.

சாப்பாடும் சமையலும் காலத்துக்குக் காலம் எப்படி மாறின என்று படித்தவர்கள் பெரிதாக எழுதியிருப்பார்கள். எனக்கு அது உடைத்ததை வைத்துத்தான் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் தரையோடு இருந்த மண் அடுப்புகளை உடைத்தேன். குனிந்து ஊதி ஊதி இடுப்பு போச்சு, நின்றுகொண்டு சமைக்க மேடை வேண்டும் என்றார்கள். கடப்பாக் கல்லில் மேடை போட்டுக் கொடுத்தேன். அதே வீட்டில் சில வருடம் கழித்து, கடப்பாக் கல் கருப்பாக, துக்க வீடு மாதிரி இருக்கிறது என்று உடைக்கச் சொன்னார்கள். கிரானைட் போட்டேன். அதுவும் கருப்புத்தான். ஆனால் பளபளவென்று இருந்ததால் துக்கம் தெரியவில்லை.

தரையில் பதித்திருந்த ஆட்டுக்கல்லைப் பெயர்த்து வாசலில் போடச் சொன்னார்கள், கிரைண்டர் வைக்க இடம் வேண்டுமாம். பிறகு பாக்கெட் மாவு வந்தது. கிரைண்டர் பரணுக்குப் போய், அந்த இடத்துக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் வந்தது. பெயர்த்துப் போட்ட ஆட்டுக்கல்லில் இப்போது மணிப்ளான்ட் வளர்கிறது. விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வீட்டில் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே சுவரே கூடாது என்றார்கள். "இப்ப அதான்ணே ஓப்பன் கிச்சன், வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்" என்றார் வீட்டுக்காரர். உடைத்தேன். அடுத்த வருடமே கூப்பிட்டார். "கருவாட்டுக் கொழம்பு வச்சா சோபா பூராம் நாறுதுண்ணே, ஒரு செவுரு எழுப்பிக் குடுங்க." வெளிநாட்டில் கருவாடு இல்லை போலிருக்கிறது. எழுப்பினேன். என் வாழ்க்கையில் ஒரே சுவரை உடைத்தும் கட்டியும் இரண்டு தடவை சம்பாதித்தது அங்கேதான்.

இப்போது இன்னும் முன்னேற்றம். கரண்டிக்கு ஒரு இழுப்பறை, டம்ளருக்கு ஒரு இழுப்பறை, இழுக்கும்போது சத்தம் வராத இழுப்பறை என்று மாடுலர் கிச்சன் போடுகிறார்கள். போட்ட பிறகு, அதில் சமைத்தால் எண்ணெய் தெறிக்கும் என்று வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு அங்கே அடுப்பு வைக்கிறார்கள். முன்னால் இருப்பது பார்க்க, பின்னால் இருப்பது தின்ன. பாதி நாள் இரண்டிலும் சமைப்பதில்லை, பைக்கில் ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்.

ஊரைக் கேலி பேசுவது சுலபம். என் வீட்டு மேடை கதைக்கு வருகிறேன்.

அடுப்பு மேடைக்கு ஒரு அளவு உண்டு. சமைக்கிற பெண் நேராக நிற்க வேண்டும். முழங்கையிலிருந்து ஒரு சாண் இறக்கினால் அதுதான் மேடை. மற்ற கொத்தனார்கள் "அம்மா, இங்க வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டு அளந்துவிடுவார்கள். எனக்கு அது வராது. நூல் ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து, "அவுக முழங்கை உசரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் குடுங்கண்ணே" என்பேன். சில வீட்டில் மாமியார் அளவுக்கு முடிச்சு வரும், சமைப்பது மருமகளாக இருக்கும். எனக்கென்ன, முடிச்சு இருக்கிற இடத்தில் கல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வில்லாபுரத்தில் என் சொந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். பெண் டி. கல்லுப்பட்டிப் பக்கம். பெண் பார்க்கப் போன இடத்தில் வழக்கம்போல் தலையைத் தூக்கவில்லை. காபி கொடுத்த கையைப் பார்த்தேன், வளையலைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் மேடைக்கு அளவு வேண்டுமே. பெண் வீட்டுக்கு நூலை அனுப்பி முடிச்சுப் போட்டு வாங்கினால் என்ன நினைப்பார்கள்?

கிளம்புகிற நேரத்தில் ஒரு யோசனை வந்தது. அந்த வீட்டில் உள்சுவர் பூசாத செங்கல் சுவர். காபி கொடுத்துவிட்டுப் போன பச்சைச் சேலை அந்தச் சுவரில் சாய்ந்து நின்றது. பெண்ணைப் பார்க்கத்தான் வெட்கம், செங்கலைப் பார்க்க என்ன வெட்கம்? கீழிருந்து வரிசை எண்ணினேன். தலை பத்தொன்பதாவது வரிசையில் முடிந்தது. வரிசைக்கு மூன்றரை அங்குலம். மொத்த உயரம் வந்தது, அதிலிருந்து முழங்கை வந்தது, ஒரு சாண் இறக்கினேன். முப்பத்துநான்கு அங்குலம். யாரையும் கேட்காமல், யாரையும் பார்க்காமல் அளவெடுத்துவிட்ட பெருமை தாங்காமல் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கல்யாணத்தன்று மாலை போடக் கையைத் தூக்கினேன். கை போய் நின்ற இடத்தில் கழுத்து இல்லை. அரையடி கீழே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், பத்தொன்பது வரிசை உயரத்தில் பெண்ணுக்குப் பின்னால் பெண்ணின் அக்கா நின்றுகொண்டிருந்தார். அன்று பச்சைச் சேலை கட்டிக் காபி கொடுத்தவர் அவர்தான். தொழில்காரன் கணக்கு தப்பவில்லை. ஆள்தான் தப்பு.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் மனைவி கேட்டாள். "என்னங்க, மேடை ரொம்ப உசரமா இருக்கே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே நாள் வேலை, உடைத்து நான்கு அங்குலம் இறக்கியிருக்கலாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "டவுன்ல அளவே இதுதான்" என்றேன்.

அவள் நம்பினாள். கொத்தனார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். ஒரு பலகையைப் போட்டு அதில் ஏறி நின்று சமைத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருநாள் அதில் தடுக்கியதும், பலகையை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டாள். அதன் பிறகு தோளைத் தூக்கிக்கொண்டே கிண்டப் பழகினாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் போய் கேஸ் அடுப்பு வந்தது, அம்மியில் அரைத்தது போய் மிக்ஸி வந்தது, தரையில் வரிசையாக உட்கார்ந்து தின்றது போய் மேசை வந்தது. மேசையில் துவைத்த துணி குவிந்ததும் ஆளுக்கொரு மூலையில் தட்டோடு போய் உட்கார்ந்தோம். எல்லாம் மாறியது, மேடை மாறவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால், "மேடை சரிதான்க்கா, எனக்குத்தான் கை குட்டை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே உட்கார்ந்து அவள் சமைத்ததைத் தின்றுகொண்டே நான் அதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

இருபத்தாறு வருடம் ஓடியது. அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை வாரக் கை எழவில்லை. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "தோளைத் தூக்கி வேலை செய்யாதீங்கம்மா, இப்படியே போனா கை சுத்தமா வராது. வீட்ல சமையல் மேடை உயரமா?" என்று கேட்டார். அவள் அவசரமாக, "இல்லைங்க, அளவாத்தான் இருக்கு. இவரே கட்டுனது" என்றாள். டாக்டரின் அறைச் சுவரில் பூச்சு நன்றாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மகன் மாடுலர் கிச்சன் போட வேண்டும் என்று ஆரம்பித்தான். அவனுக்குப் பெண் தேடுகிறோம். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போனார்கள், இப்போது பெண் வீட்டார் அடுப்படி பார்க்க வருகிறார்கள். மகனுக்குச் சமைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை, சிம்னி இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

மாடுலர்காரர் வந்தார். இளவயது, கழுத்தில் அட்டை, கையில் சிவப்பு வெளிச்சம் அடித்து அளக்கிற கருவி. சுவருக்குச் சுவர் அடித்தார்.

"மேடை உயரம் எம்புட்டு தம்பி வைப்பீக?" என்று மனைவி கேட்டாள்.

"முப்பத்துநாலு இன்ச் மேம். ஸ்டாண்டர்ட்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதே அளவுதான! பாத்தியாடா, உங்கப்பா அப்பவே கரெக்டா வச்சிருக்காரு" என்று மகனிடம் சொன்னாள்.

நானாவது ஒருத்தரைப் பார்த்துத் தப்பாக அளந்தேன். இந்தத் தம்பி யாரையுமே பார்க்காமல் அதே தப்புக்கு வந்து சேர்ந்திருந்தார். அதற்கு ஸ்டாண்டர்ட் என்று பெயரும் வைத்திருந்தார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என்னைப் புகழ்ந்தது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதையும் விட்டால் அந்தக் கை போய்விடும்.

அவர் போன பிறகு அடுப்படி வாசல் நிலையில் போய் நின்றேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, இந்த மேடை உன் அளவு இல்ல."

"அளவுன்னா?"

"உங்க அக்கா அளவு."

துருவுவது நின்றது. விஷயத்தைச் சொன்னேன். பச்சைச் சேலை, செங்கல், பத்தொன்பது வரிசை.

"எங்கக்கா இந்த வீட்டுக்கு வந்ததே நாலு தடவ. அவளுக்கா மேடை கட்டுனீக?" என்றாள். பிறகு, "பொண்ணு பாக்க வந்த எடத்துல செங்கலையா எண்ணுனீக?" என்றாள். கடைசியில் மெதுவாக, "எனக்குக் கை குட்டைன்னு தெருப் பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றாள். தேங்காய் மூடியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான்கு நாள் அடுப்பு எரியவில்லை. எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய சம்பவம் நடந்ததே யாருக்கும் தெரியவில்லை. முதல் நாள் பரோட்டா வந்தது, இரண்டாம் நாள் பிரியாணி வந்தது, மூன்றாம் நாள் பெட்டியில் இட்லி வந்தது. மகன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே தின்றான். நான்காம் நாள்தான், "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கண்டுபிடித்தான். கூர்மையான பையன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்கப்பாவுக்கு வேலை இருக்கு. நாளைக்கு மேடைய ஒடைக்கிறாரு" என்றாள்.

"அம்மா, மாடுலர் சைஸ் அப்புறம் செட்டாகாது. பொண்ணு வீட்ல வந்து பாத்தா..."

"வர்றவ எம்புட்டு உசரம்னு மொதல்ல அவகிட்ட கேளுடா. அப்புறம் பேசுவோம்."

மறுநாள் காலையில் உடைத்தேன். உடைக்கும் முன் அளவு எடுக்க வேண்டும். நூலோடு போய், "நேரா நில்லு" என்றேன். நின்றாள். எத்தனையோ அடுப்படி கட்டிய நான் ஒரு பெண்ணை நிற்க வைத்து அளந்தது அதுதான் முதல் தடவை. முழங்கையில் நூலை வைத்தேன், ஒரு சாண் இறக்கினேன். முப்பது. "எம்புட்டு?" என்றாள். சொன்னேன். கடப்பாரையை எடுத்தேன்.

பூச்சு இறுகும் வரை ஹாலில் தரையில் அடுப்பை வைத்து நான் சமைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து உப்பு, புளி எல்லாம் சொன்னாள். குனிந்து குனிந்து என் இடுப்பு போனது. மகன் வழக்கம்போல் வெளியிலிருந்து வரவழைத்துக்கொண்டான். என் சமையலின் தரத்துக்கு அதுவும் ஒரு சான்றுதான்.

பத்து நாள் கழித்துப் புதிய மேடையில் அடுப்பேற்றினாள். பெரிய பாத்திரத்தில் சாம்பார். கொஞ்ச நேரத்தில், "என்னங்க, இங்க வாங்களேன்" என்று குரல் கேட்டது. போனேன்.

"இங்க நின்னா பருப்பு கொதிக்கிறது அடி வரைக்கும் தெரியுதுங்க" என்றாள். இத்தனை வருடமும் சத்தத்தையும் வாசனையையும் வைத்தே சமைத்திருக்கிறாள்.

நான் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. கரண்டி பிடித்த கையைப் பார்த்தேன். மேடை இறங்கிவிட்டது, தோள் இறங்கவில்லை. காது வரை தூக்கிக்கொண்டுதான் கிண்டினாள். இல்லாத நான்கு அங்குலத்துக்கு அந்தத் தோள் இன்னமும் ஏறிக்கொண்டிருந்தது.

"தோளை எறக்கு" என்றேன்.

இறக்கினாள். இரண்டு கிண்டு கிண்டியதும் மறுபடி ஏறியது.

"எனக்குத் தெரியலையே. நீங்க நின்னு சொல்லிக்கிட்டே இருங்க" என்றாள்.

டாக்டரும் அப்படித்தான் சொன்னார், பழக்கம் போக நாளாகும், வலியும் உடனே போகாது என்று. அதனால் இப்போது காலையும் மாலையும் அடுப்படி நிலையில் நிற்கிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவு பேசுவேன் என்று நானே நினைத்ததில்லை. இன்று மீன் குழம்பு முடிவதற்குள் பதினோரு தடவை சொன்னேன். போன வாரம் இருபதுக்கு மேல்.

எழுதியது: 17-11-2024, கார்த்திகை 2, ஞாயிற்றுக்கிழமை.