வடக்கு வீட்டில் வைத்த மூட்டை

ஆடி மாதத்தில் யாராவது குடி கிளம்புவார்களா? கிளம்பச் சொன்னது ரயில்வே. ரயில்வேக்கு ஆடியாவது, ஆவணியாவது! ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததற்கு மறு வருஷம் அது. என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ஃபிட்டர் வேலையில் இருந்தார். திருத்தணியில் எங்கள் வீடு. காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். விசாகப்பட்டினத்துப் பக்கம் வால்டேரைத் தாண்டி மலைக்காட்டுக்குள் போகிற லைனில் ஆள் போதவில்லை, தெலுங்கு பேசத் தெரிந்தவனாகப் பார்த்து அனுப்பு என்று மேலே இருந்து வந்ததாம். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்குதான். ஆடி பிறந்ததும் போய்ச் சேர வேண்டும், குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, யுத்த காலத்தில் மாட்டேன் என்கிற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதை அவர் வந்து சொன்னபோது என் மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "மலைக்காடு" என்ற சொல் காதில் விழுந்ததும் முறம் அப்படியே நின்றுவிட்டது.

"உங்க நைனாவும் அங்கதான்டா போனாரு," என்றாள். முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. மலை லைன் போட்ட காலத்தில் மேஸ்திரியாகப் போனவர். ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை, காட்டு ஜுரம் கொண்டுபோய்விட்டது. அப்போது என் வீட்டுக்காரர் கைப்பிள்ளை. ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைக் கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சொல்லிச் சொல்லியே காது புளித்திருந்தது. அன்றைக்கு அவள் அந்தக் கதையை எடுக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மாமியாரைக் காணவில்லை. தனியாக ரயிலேறி அரக்கோணம் போயிருக்கிறாள். வெயில் தாழ வந்தவளின் காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியை ஒடித்துச் சொருகிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். காட்டு ஜுரத்துக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை! அந்த வருஷம் தங்கம் வாங்கலாம், கொயினா வாங்க முடியாது. இருப்பதெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு கம்பவுண்டர் எங்கேயோ ஒளித்து வைத்திருந்ததைக் கம்மலுக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஒரு ஆளுக்கு, ஒரு ஜொரத்துக்குத்தான் போதுமாம். அதுக்கு மேல ஆண்டவனாலயும் குடுக்க முடியாதுன்றான். இது எம் புள்ளைக்கு. யாரும் கை வெக்கக் கூடாது, ஆமா."

"நான் ஏன் அத்தை கை வெக்கிறேன்?" என்றேன் நானும் வெடுக்கென்று.

அடுத்து ஆடிக்கு வழி பார்க்க வேண்டுமே. அதற்குத்தான் பரஸ்தானம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிளம்புகிற நாள் நல்ல நாளாக அமையாவிட்டால், முன்னாலேயே ஒரு நல்ல நாளில், போகிற திசையில் இருக்கிற வேறொருவர் வீட்டில் நம்முடைய மூட்டை ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிடுவது. அந்த நிமிஷமே நாம் கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு. பிறகு எந்த நாளில் உடம்பு கிளம்பினாலும் தோஷமில்லை. ஆனால் ஒன்று, வெளியே போன மூட்டை மறுபடி வாசற்படி ஏறி உள்ளே வரக் கூடாது. வந்தால் போகிறவனுக்கு ஆகாது.

ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அப்படி வைத்தோம். மஞ்சள் துணியில் அவருடைய வேட்டி ஒன்று, ஒரு பிடி அரிசி, மஞ்சள் கிழங்கு. முடிச்சுப் போடும்போது மாமியார் அந்தப் புட்டியையும் உள்ளே வைத்தாள். உயிருக்குக் காவலாக இருக்கிறதுதான் நல்ல நேரத்தில் முதலில் கிளம்ப வேண்டும் என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எங்களுக்கு வடக்கே ஒட்டினாற்போல இருந்த வீடு ஒரு லாரி மெக்கானிக் வீடு. முஸ்லிம்கள். அந்த வீட்டு அக்கா என்றால் எனக்கு உயிர். "சாயபு ஊட்டுல பரஸ்தானம் வெக்கிறியே" என்று தெருவில் யாரோ மாமியாரிடம் கேட்டதற்கு, "வடக்கு வடக்குதான், அதுல சாயபு வடக்கு வேற இருக்குதா?" என்று ஒரே போடாகப் போட்டாள். அக்கா மூட்டையை இரண்டு கையாலும் வாங்கித் தன் வீட்டு மாடத்தில் வைத்து, "நீங்க போறவரைக்கும் இதை ஒருத்தரும் தொட மாட்டாங்க" என்றாள்.

பிறகு வீட்டுச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். கட்டக் கட்ட எனக்குப் பயம் ஏறியது. பித்தளைச் சாமான்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து வைக்கோல் திணித்தேன். விளக்குச் சிம்னிகளை உமி டின்னில் புதைத்தேன். கோணிப்பைகளின் வாயைச் சணலால் தைத்துத் தைத்துக் கட்டைவிரல் புண்ணாகிவிட்டது. சுவரிலிருந்து முருகன் படத்தைக் கழற்றினால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. பேசினால் வெற்று அறையில் குரல் திரும்பி வந்தது. என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே பட்டாளத்து லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அரக்கோணம் பக்கமிருந்து ஏரோப்ளேன் வந்தால் தெருவே நின்று மேலே பார்க்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி கட்டுகிறவர்கள் மலையடிவாரத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் நாம் பார்க்க மாட்டோம் என்று நினைத்தபோது, எந்த வருஷம் பார்ப்போம் என்று ஒரு கேள்வி கூடவே வந்தது. சீ, வாயை மூடு என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் கோணிப்பைகளின் நடுவே விளையாடிக்கொண்டிருந்தவள், "அம்மா, குளிருது" என்று வந்தாள். மூன்று வயசு. வேகாத வெயில், குழந்தைக்குப் பல் கிட்டிப்போகிற மாதிரி நடுக்கம். தைத்து வைத்திருந்த படுக்கை மூட்டையைக் கிழித்துக் கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். பிறகு நெருப்பாகக் கொதித்தது, பிறகு வியர்த்து விட்டது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தோம். ஒரு நாள் சும்மா இருந்து மறுநாள் திரும்ப வந்தது. அந்தத் தடவை கண் மேலே சொருகிக் கை கால் வெட்டி இழுத்துவிட்டது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "முறைக் காய்ச்சல்மா. தலைக்கு ஏறிகினு இருக்குது. கொயினா வேணும், எங்கிட்ட ஒரு மாத்திரை இல்ல. எங்கனா கிடைச்சா இன்னைக்கே குடு" என்றார். இன்னைக்கே என்பதை இரண்டு தடவை சொன்னார்.

எங்கே இருக்கிறது என்று எனக்கா தெரியாது! நேரே வடக்கு வீட்டுக்குப் போகத் திரும்பினேன். மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கடி போற?"

"புட்டியை எடுத்தார."

"பரஸ்தானம் வெச்ச மூட்டை உள்ள வரக் கூடாது."

"அதுக்காகக் கொழந்தையை வாரிக் குடுக்கச் சொல்றீங்களா? ஏன் அத்தை, மனசு இருக்குதா உங்களுக்கு?" தெருவே கேட்கும்படி கத்தினேன்.

என் சத்தம் கேட்டு அக்கா தன் வாசலுக்கு வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் "யா அல்லா" என்றாள். பிறகு என் மாமியாரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "பெரியம்மா, மூட்டை உங்க ஊட்டுக்கு வரக் கூடாது. கொழந்தை எங்க ஊட்டுக்கு வரலாம் இல்ல? இங்கயே மாத்திரை குடுக்கட்டும். மூட்டை மாடத்துலயே இருக்கட்டும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆனால் மாமியார் நகரவில்லை. அப்போதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"மூட்டை கெடக்குது மூட்டை! அதுல இருக்கறது ஒரு ஆளுக்குத்தான். இதுக்குக் குடுத்துட்டா அவன் இன்னாத்தை எடுத்துகினு அந்தக் காட்டுக்குப் போவான்? நீ சின்னவ. இது பொட்டப் புள்ளை. இது போனா இன்னொண்ணு பெத்துக்குவ. எனக்கு இருக்கறது ஒருத்தன்தான்டி."

இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் உடம்பு எரியுமா எரியாதா? எரிந்தது. அவளை அறைந்துவிட்டிருப்பேன், கையில் குழந்தை இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அவளைத் தள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்குள் போய்விட்டேன்.

மூட்டையின் முடிச்சை நான் தொடவில்லை. தொடத் தைரியம் வரவில்லை, பொய் சொல்வானேன். சாயங்கால ரயிலில் வந்த அவரிடம் அக்காவே எல்லாம் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடத்தின் முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்தார். மாமியார் அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நின்று, "வேணாண்டா" என்றாள்.

"எம் பொண்ணுக்கு இல்லாத மருந்து எனக்கு எதுக்கும்மா? நான் எல்லாம் பெரிய ஆளு. ரயில்வே ஆஸ்பத்திரி இருக்குது அங்க," என்றார்.

பாதி மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினோம். குழந்தை கசப்பில் முகத்தைச் சுளித்துத் துப்பப் பார்த்தது. வாயைப் பொத்தி விழுங்க வைத்தேன். வேளை தவறாமல் கொடுத்ததில் அடுத்த முறை வரவேண்டிய ஜுரம் வரவில்லை, அதோடு நிறுத்திவிட்டோம். புட்டியில் பாதி மிச்சம். வாசலுக்கு வெளியே நின்ற மாமியார் அதைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மஞ்சள் துணிக்குள் வைக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் ஆயிற்று என்று அவள் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. எனக்கும்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள். வண்டிக்காரனிடம் சொல்லியாகிவிட்டது. அவர் நான் தைத்த கோணிப்பைகளின் மேல் கரியால் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டிருந்தார். மருந்துக்காக அக்கா வீட்டிலேயே படுக்க வைத்திருந்த குழந்தை முனகுகிற சத்தம் கேட்டது. போனால், மறுபடி அதே நடுக்கம், அதே சொருகின கண். டாக்டர் வந்து, "பாதியில நிறுத்துனா திரும்பத்தான் செய்யும். தீர்றவரைக்கும் குடுக்கணும்" என்றார்.

நான் மூட்டையைப் பார்க்கவில்லை. கூட வந்து நின்ற என் வீட்டுக்காரரையும் பார்க்கவில்லை. இந்தத் தடவை கேட்காமல் குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தை அரைக் கண்ணைத் திறந்து, "அவ்வா" என்று மாமியாரைக் கூப்பிட்டாள். அப்பனைப் பெற்றவளை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவது. "அவ்வா, குளிருது."

இத்தனை நாளும் வாசலுக்கு வெளியிலேயே நின்ற மாமியார் உள்ளே வந்தாள். மூட்டையை அவளே எடுத்தாள், அவளே அவிழ்த்தாள். அக்காவிடம் தேன் கேட்டு வாங்கி, விரலால் நசுக்கிக் குழைத்து ஊட்டினாள். புட்டி காலியாகிறவரை அந்த வீட்டைவிட்டு அவள் நகரவில்லை.

குழந்தையோடு பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் கிளம்பினார். நாங்கள் கிருத்திகை கழித்து, குழந்தை தேறியதும் சாமானோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. ரேணிகுண்டாவில் மாறி, கூடூரில் மாறிப் போக வேண்டும். மூட்டை எப்படி வைத்தோமோ அப்படியே போக வேண்டும் என்று மாமியார் காலிப் புட்டியையும் உள்ளே வைத்து முடிந்தாள். "அங்க கெடைச்சா இதுல ரொப்பிக்கோடா" என்றாள். அவர் "ஆங், சரிம்மா" என்று சிரித்தார். மூட்டை அக்கா வீட்டிலிருந்து நேரே வண்டிக்குப் போயிற்று. எங்கள் படியை அது மிதிக்கவே இல்லை. சாஸ்திரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை நாங்கள்.

கிருத்திகை வந்தது, காவடிகள் ஏறின, இறங்கின. மகள் எழுந்து நடமாடினாள். கட்டிய கோணிப்பைகள் கூடத்தில் அப்படியே இருந்தன. வேண்டிய பாத்திரத்தைப் பையில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு காலம் தள்ளினோம். இதோ இந்த வாரம், அடுத்த வாரம் என்று அவர் எழுதிக்கொண்டிருந்தார். புரட்டாசி மழையில் தந்தி வந்தது.

அவருடைய சாமான்களை ஒரு ரயில்வே ஆள் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனான். தகரப் பெட்டியின் மேல் அந்த மஞ்சள் மூட்டை இருந்தது. வீட்டுக்குள் வரக் கூடாத மூட்டை. மூட்டையை அவிழ்த்ததால் அவர் போனார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வாயில் மண்ணள்ளிப் போட! காட்டு ஜுரத்துக்குக் கொயினா இல்லாததால் போனார். அதே மாத்திரையை இன்றைக்கும் என் மகள் வாயில்தான் போடுவேன் நான்.

ஆனால் மாமியார் என்ன சொல்லப்போகிறாளோ என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டட்டும், மாரில் அடித்துக்கொண்டு, நீதான்டி தின்றாய் என் பிள்ளையை என்று கேட்கட்டும். கேட்டால் என் நெஞ்சுப் பாரம் குறைந்திருக்கும். அவள் மூட்டையை மடியில் வைத்துப் பிரித்தாள். புட்டியை எடுத்து, அன்றைக்குப் பார்த்த மாதிரியே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"காலியாத்தான் குடுத்தனுப்புனேன்," என்றாள்.

பிறகு எழுந்துபோய் அரிவாள்மணையை எடுத்துவந்து கோணிப்பைகளின் தையலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தாள். நானும் போய் மறுபக்கம் உட்கார்ந்து பிரித்தேன்.