திறந்தே கிடந்த கோப்புகள்

மரியமலர் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள். வவுனியாவில் கன்னியர்மட விடுதியில் தங்கியிருந்த காலத்தில் அங்கே ஒரு கொம்பியூட்டர் வந்திறங்கியது. தொட மற்றவர்கள் பயந்தார்கள். அவள் தொட்டாள். அவ்வளவுதான் அவளுடைய தகுதி. கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்து, தாண்டிக்குளம் சோதனைச்சாவடிப் பாதையால் சனம் அள்ளுப்பட்டு வரத் தொடங்கியபோது, ஒரு உதவி நிறுவனம் அவளைக் கூப்பிட்டு யன்னலோரம் இருத்தியது. வந்த சனத்தைப் பாடசாலைகளிலும் நெற்களஞ்சியங்களிலும் அடைத்து வைத்திருந்தார்கள். யார் எந்த முகாமில் என்று தேடி வருபவர்களுக்குச் சொல்வது அவள் வேலை.

முகாமுக்கு ஒரு கோப்பு. ஒரு பெயரைக் கேட்டால் மெஷின் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, பார்த்து, மூடி, அடுத்ததைத் திறக்கும். அதற்குள் யன்னலுக்கு வெளியே வெயிலில் ஆட்கள் மயங்கி விழுவார்கள்.

"தங்கச்சி, மெஷின் என்ன அடைகாக்குதோ?" என்று ஒருவர் கேட்டார்.

"குஞ்சு பொரிச்சா உங்களுக்குத்தான் முதல் தருவன் அண்ணை."

சிரித்துவிட்டாளே தவிர, அன்றிரவே விளக்கப் புத்தகத்தை எடுத்தாள். நிவாரண வரிசைகளில் அவளும் நின்றவள்.

புரட்டியபோது வழி அகப்பட்டது. திறந்த கோப்பை மூடாமல், அதன் பிடியைக் கையிலேயே வைத்துக்கொள்ளும்படி மெஷினுக்குச் சொல்லலாம். எத்தனை பிடிகளை வைத்திருப்பது, சும்மா கிடக்கும் பிடியை எவ்வளவு நேரத்தில் கைவிடுவது என்று இரண்டு இலக்கங்கள். முதலாவதில் எல்லா முகாம்களுக்கும் போதுமானதைக் கொடுத்தாள். இரண்டாவதில் பூச்சியம். ஒருபோதும் கைவிடாதே என்று அர்த்தம்.

மறுநாள் வரிசை பறந்தது. உள்ளறையில் பதிவுகளை அடிக்கும் பரமேஸ்வரன், "மரியமலர் மெஷினுக்குச் சாராயம் பருக்கிப்போட்டா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

மதியத்தில் முகாம்களுக்குப் போன வான் அன்று வந்தவர்களின் விபரத்தோடு திரும்பும். பரமேஸ்வரன் அதை அடித்து, பழைய கோப்பை எடுத்துவிட்டு அதே பெயரில் புதியதை இரண்டு மெஷினும் வாசிக்கும் பொது இடத்தில் வைப்பான். அது முடிந்ததும் ஜெனரேட்டரை ஆறவிடுவார்கள். எல்லாம் அணையும். பின்னேரம் மறுபடி எழும்பும்போது மெஷின் கோப்புகளைப் புதிதாகத் திறக்கும். தான் செய்ததில் ஓட்டை இருப்பது அதனால் அவளுக்குத் தெரியவரவே இல்லை. சூடேறிய ஒரு பழைய ஜெனரேட்டர் தினமும் அதை அடைத்துக்கொண்டிருந்தது.

மே மாதம் ஒருநாள் காலை கொழும்பிலிருந்து இரண்டாவது ஜெனரேட்டர் வந்தது. ஒன்று ஆறும்போது மற்றது ஓடும். இனி மத்தியானத்திலும் வேலை செய்யலாம் என்று எல்லாருக்கும் சந்தோசம்.

அன்று பின்னேரம் வடிவம்மா வந்தாள். கண்டாவளைக்காரி. ஓடிய ஓட்டத்தில் மகள் றஞ்சனி கைதவறிப் போனாள். புருசன் தாண்டிக்குளத்துக்கு வடக்கே தருமபுரத்தில் நோயில் பாயோடு கிடந்தார். மகளைத் தேடித்தான் இந்தப் பக்கம் வந்திருந்தாள். இங்கே இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போய்த் தேட வேண்டும். பாதை பூட்டப் போகிறது என்ற கதை சந்தையெல்லாம் அடிபட்டது.

மரியமலர் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது.

"இல்லை அம்மா."

"வடிவாப் பாத்தனீங்களோ பிள்ளை?"

"ஓம் அம்மா, ரெண்டாந்தரமும் பாத்திட்டன். இண்டைக்கு வந்த ஆக்களும் இதுக்குள்ள இருக்கினம்."

"அப்ப அவள் அங்காலதான். இவர் தனியக் கிடக்கிறார், நான் வாறன் பிள்ளை." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

யன்னல் சாத்தும் நேரம் பரமேஸ்வரன் தேநீரோடு வந்தான். "இண்டைக்கு வந்ததுகளில ஒரு பெட்டை அழுதபடியாம், மலர். தாய் இஞ்சதான் எங்கயோ நிக்கிறாவாம். கண்டாவளைப் பிள்ளை."

"பேர்?"

"றஞ்சனி."

அவள் தட்டினாள். இல்லை என்றது மெஷின். பரமேஸ்வரன் உள்ளறைக்குப் போய்த் தன் மெஷினில் பார்த்தான். "இருக்கே!" என்று கத்தினான். ஒரே முகாம், ஒரே கோப்பு, இரண்டு பதில்.

மரியமலருக்கு விளங்கியது. மத்தியானம் அணையாததால், காலையில் திறந்ததை மெஷின் இன்னும் விடவில்லை. அதே பெயரில் புதியது வந்து உட்கார்ந்த பிறகும் அகற்றிய பழையதையே பிடித்து வாசித்துக்கொண்டிருந்தது. கைவிடாதே என்று சொன்னவள் அவள்தான்.

"சைக்கிளை எடு!"

பரமேஸ்வரன் மிதிக்க, அவள் பின்னால் இருந்தாள். தாண்டிக்குளத்தில் பாதையை மறித்துத் தடைமரம் இறங்கியிருந்தது. வடக்கே போனவர்கள் போய்விட்டார்கள், வடிவம்மாவும்தான். "நாளைக்கு வாங்கோ" என்று காவலில் நின்றவன் உடைந்த தமிழில் சொன்னான்.

மறுநாள் பாதை திறக்கவில்லை. விடியற்காலையிலேயே வடக்கே ஷெல் முழங்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சண்டை எப்போது முடியும் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

றஞ்சனி இருந்த முகாமுக்கு மரியமலர் தானே போனாள். பாடசாலை மேசையில் குந்தியிருந்த பெட்டை எழும்பி நின்றாள்.

"அம்மா என்னைக் கேட்டு வந்தவாவோ அக்கா?"

"வந்தவா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

மரியமலரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

பெட்டை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். மறுபடி மேசையில் குந்தி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே மரியமலர் அந்த இலக்கங்களை மாற்றினாள். மெஷின் திரும்பவும் திறந்து மூடித் திறந்து, ஊரத் தொடங்கியது. வரிசை நீண்டது. முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு றஞ்சனியும் அதில் வந்து நிற்பாள். முறை வந்ததும் தாயின் பெயரைச் சொல்வாள். எல்லாக் கோப்பும் திறந்து முடியும்வரை இருவரும் திரையையே பார்த்திருப்பார்கள். வடக்கே போனவர்களை இங்கே யாரும் பதிவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் மரியமலர் ஒவ்வொரு முறையும் தட்டுவாள். தட்டாமல் இன்னொரு தரம் இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.